இ4-க்கு என்ன பதில்? நாலு ஓபனிங்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தோல்வியும்

போன ஐப்பசியில், காலையிலிருந்து மழை விடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஈரோடு பக்கம் ஒரு கல்லூரியின் சாப்பாட்டுக்கூடத்தில் நடந்த செஸ் போட்டியில், பத்து வயது இருக்கலாம் என்று தோன்றிய ஒரு பெண்ணிடம் தோற்றேன். தோற்பது புதிதில்லை. ஆனால் ஆளுக்கு ஒன்றரை மணி நேரம் கொடுத்திருந்த ஆட்டத்தில் நான் ஐம்பது நிமிஷம் செலவழித்தேன், அவள் மொத்தமாகவே ஐந்து நிமிஷம் செலவழித்திருந்தால் அதிகம். பாதி நேரம் பக்கத்து போர்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் இப்படிப் போனது. (கட்டங்களின் எழுத்துகளைத் தமிழிலேயே எழுதுகிறேன். வெள்ளைக்கு இடமிருந்து வலமாக ஏ முதல் ஹெச் வரை எட்டு நெட்டு வரிசை, வெள்ளைப் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை குறுக்கு வரிசை; இ4 என்றால் ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவது.) அவள் வெள்ளை. இ4, நான் இ5. குதிரை எஃப்3, நான் குதிரை சி6. பிஷப் சி4, நான் குதிரை எஃப்6. அடுத்து அவள் யோசிக்காமல் குதிரையை ஜி5-க்குக் கொண்டுவந்தாள். எஃப்7 சிப்பாயைக் குதிரையும் பிஷப்பும் சேர்ந்து குறி வைத்தாயிற்று. டி5 தள்ளித்தான் ஆக வேண்டும், தள்ளினேன். அவள் சிப்பாயால் வெட்டினாள். டி5-இல் ஒரு சிப்பாய் கண் முன்னால் கிடக்கிறது, அதை எடுக்காமல் எப்படி விடுவது? குதிரையால் எடுத்தேன். ஆட்டம் அங்கேயே முடிந்தது. அதற்குப் பிறகு நான் ஆடியதெல்லாம் ஸ்கோர் ஷீட்டை நிரப்பத்தான்.

அவள் குதிரையை எஃப்7-இல் பலி கொடுத்தாள். ராணியையும் யானையையும் ஒரே நேரத்தில் தாக்குகிறது, ராஜாவால் எடுப்பதைத் தவிர வழியில்லை. ராணி எஃப்3-இல் செக். டி5-இல் நிற்கும் என் குதிரைக்கும் அதே ராணியின் குறி, பின்னால் பிஷப்பின் துணை வேறு. குதிரையைக் காப்பாற்ற ராஜா இ6-க்கு, போர்டின் நட்டநடுவுக்கு, நடந்து போக வேண்டும். போனது. திரும்பி வரவில்லை. இத்தாலியர்கள் இதற்கு ஃபெகடெல்லோ என்று பெயர் வைத்திருக்கிறார்கள், ஆங்கிலத்தில் அது பொரித்த ஈரல் ஆனது. நானூறு வருஷத்துக்கு மேலாக உலகம் அறிந்த பொறி. ஜெர்மானிய மேதை டாராஷ் அந்தக் குதிரை ஜி5-ஐக் கத்துக்குட்டி மூவ் என்று ஏளனம் செய்திருக்கிறார். கத்துக்குட்டி மூவுக்கே இந்த நிலைமை என்றால் நான் யார் என்று பஸ்ஸில் திரும்பும்போது யோசித்துக்கொண்டு வந்தேன்.

அன்று இரவே முடிவு செய்தேன், இ4-க்கு வேறு பதில் பார்க்க வேண்டும் என்று. ஆட்டத்தின் ஆரம்ப மூவ்களின் வரிசையைத்தான் ஓபனிங் என்கிறோம். அதற்குப் பிறகு எட்டு மாதம் இ5, சிசிலியன், ஃபிரெஞ்ச், காரோ-கான் என்ற நாலு பதில்களையும் மாற்றி மாற்றி ஆடிப் பார்த்தேன். என்னைப் போல வேலைக்கு நடுவில் செஸ் ஆடுகிறவர்களுக்கு அந்த அனுபவம் பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் என் நிலவரம். வயது 43. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு வேலை. மாதம் 20-ஆம் தேதி ஜிஎஸ்டி கட்டி முடிக்கும்வரை செஸ்ஸைத் தொட முடியாது. அதற்குப் பிறகு வாரத்துக்கு மூன்று மணி நேரம் கிடைத்தால் புண்ணியம். உலக செஸ் அமைப்பான ஃபிடே ஆட்டத் திறமைக்குக் கொடுக்கும் புள்ளி, அதாவது ரேட்டிங், 1550. பெருமைப்பட ஒன்றுமில்லை. 2024 மார்ச்சில் 2000-க்குக் கீழே இருந்தவர்களின் கிளாசிக்கல் (நீண்ட நேர ஆட்ட) ரேட்டிங்கை ஃபிடே ஒரு சூத்திரம் போட்டு ஏற்றிவிட்டதில் 300 புள்ளி சும்மா வந்தது, என் சொந்த உழைப்பு 1250-தான். எதிரில் உட்காருகிறவர்கள் இரண்டு ரகம். அகாடமியில் பொறிகளை மனப்பாடம் செய்து வரும் சின்னப் பிள்ளைகள் ஒரு ரகம். முப்பது வருஷமாக ஒரே ஓபனிங்கை ஆடிக்கொண்டிருக்கும் ரிட்டயர்டு ஆட்கள் இன்னொரு ரகம். என் வயதுக்காரர்கள் குறைவு, எல்லாரும் பிள்ளையைப் போர்டில் உட்கார வைத்துவிட்டு வெளியே டீ குடித்துக்கொண்டிருப்பார்கள்.

எனக்குத் தெரிந்த கோச் ஒருவரிடம் கேட்டேன். இருபத்தைந்து வயசுப் பையன், ஆட்டத்தில் என்னைவிட எங்கோ இருக்கிறான்.

"தம்பி, எதை ஆடினா நல்லது?"

"சார், கம்ப்யூட்டர் என்ஜின்கிட்ட கேட்டா நாலுமே ஆடலாம்னுதான் சொல்லும். உங்க ஆட்டத்துல பத்தாவது மூவ்லயா தோக்குறீங்க? இருபத்தஞ்சாவது மூவ்ல குதிரையைக் கோட்டை விடுறீங்க. ஓபனிங்கை மாத்தி என்ன ஆகப்போகுது?"

பாதி உண்மை. மீதிப் பாதி என்னவென்றால், இருபத்தைந்தாவது மூவில் நான் எந்த மாதிரி நிலையில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதை ஓபனிங்தான் தீர்மானிக்கிறது. தெரிந்த ஊரில் வழி தவறினால் விசாரித்துக்கொண்டு திரும்பிவிடலாம், தெரியாத ஊரில் முடியாது. ஆகவே எந்த ஓபனிங்கில் அதிகம் ஜெயிப்பேன் என்று நான் பார்க்கவில்லை. எந்த ஓபனிங்கில் எப்படித் தோற்பேன், அந்தத் தோல்வி எனக்குப் புரியுமா என்று பார்த்தேன்.

ஆடிக்கொண்டிருந்த இ5-ஐயே பழுது பார்ப்பதுதான் முதல் யோசனை. பழுது எளிதுதான். டி5-இல் குதிரையால் எடுக்காமல், அதே குதிரைக்குப் பதிலாக இன்னொன்றை, சி6-இல் இருப்பதை, ஏ5-க்குத் தள்ளி பிஷப்பைத் தொந்தரவு செய்ய வேண்டும். ஒரு சிப்பாய் போகும், பதிலுக்குக் காய்கள் வேகமாக வெளியே வரும். இவ்வளவும் வேண்டாமென்றால் மூன்றாவது மூவிலேயே குதிரைக்குப் பதில் பிஷப்பை சி5-இல் வைத்துவிடலாம். அப்போது குதிரை ஜி5-க்கு வந்தால் ராணி அதைச் சும்மா தூக்கிக்கொள்ளும். ஒரு மாலையில் கற்றுக்கொள்ளக்கூடிய விஷயம்.

சிக்கல் வேறிடத்தில். இ5 என்றால் வெள்ளைக்கு எத்தனை கதவு திறந்திருக்கிறது பாருங்கள்: இரண்டாவது மூவிலேயே எஃப்4 தள்ளி கிங்ஸ் கேம்பிட் (சிப்பாயைப் பலி கொடுத்து வேகம் வாங்கும் தொடக்கம்தான் கேம்பிட்), குதிரை சி3 வைத்து வியன்னா, மூன்றாவதில் டி4 தள்ளி ஸ்காட்ச், பிஷப்பை பி5-க்கு அனுப்பி ஸ்பானிஷ், நாலாவதில் பி4 சிப்பாயைத் தானம் கொடுத்து எவன்ஸ் கேம்பிட். சின்னப் பிள்ளைகள் ராணியையே ஹெச்5-க்குக் கொண்டுவந்து நாலு மூவ் மேட்டுக்குப் பார்ப்பார்கள். எந்தக் கதவு வழியாக வருவது என்பது வெள்ளையின் கையில். எல்லாக் கதவுக்கும் காவல் நிற்க வேண்டியது நான். ஒவ்வொன்றும் நியாயமான ஆட்டம்தான், நிலைகள் திறந்து கிடக்கும், காய்களுக்கு உயிர் இருக்கும், செஸ் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. ஆனால் இங்கே தோல்வி சீக்கிரம் வரும். பதினைந்தாவது மூவுக்குள் முடிந்துபோன ஆட்டத்தைப் பார்த்து நான் கற்றுக்கொள்வது, "அந்த மூவ் வரிசை தெரியாமல் போச்சு" என்பதை மட்டும்தான்.

இரண்டாவது, சிசிலியன். இ4-க்கு சி5. இதன் கவர்ச்சியைச் சொல்லத் தேவையில்லை. உலக சாம்பியன்கள் ஃபிஷரும் காஸ்பரோவும் வாழ்ந்த வீடு அது. வெள்ளையின் சமநிலையை முதல் மூவிலேயே கலைத்து, டிராவுக்கு ஆடவில்லை என்று சொல்லிவிடும் ஆட்டம். நானும் மயங்கினேன். அதில் நய்டார்ஃப் என்ற கிளையைப் படித்தேன். ஐந்தாவது மூவில் ஏ6 என்று ஒரு ஓரச் சிப்பாயைத் தட்டிவிட்டு, "இனி உன் இஷ்டம்" என்று நிற்கிற கிளை. வெள்ளையின் ஆறாவது மூவுக்கு பிஷப் ஜி5, பிஷப் இ3, பிஷப் இ2, பிஷப் சி4, எஃப்3, ஹெச்3 என்று வரிசை நீளும். ஒவ்வொன்றுக்கும் கறுப்பின் திட்டம் வேறு. இரண்டு மாதம் ராத்திரி ராத்திரியாகப் படித்தேன்.

படித்தது பரீட்சைக்கு வரவில்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் மூன்றாவது மூவில் டி4 தள்ளி ஆட்டத்தைத் திறக்கப் பெரும்பாலும் வருவதில்லை. இரண்டாவது மூவில் சி3 வைத்து அலாபின், குதிரையை சி3-இல் வைத்து மூடிய சிசிலியன், எஃப்4 தள்ளி கிராண்ட் பிரி, மூன்றாவதில் பிஷப்பை பி5-இல் கொண்டுவந்து ஒரு வழி, சிப்பாயைத் தூக்கிக் கொடுத்து மோரா கேம்பிட். என் நோட்டில் எழுதி வைத்த பதினொரு சிசிலியன் ஆட்டங்களில் நாலில்தான் நான் படித்த பக்கமே திறந்தது. அந்த நாலில் இரண்டில் எட்டாவது மூவில் வரிசை மறந்துவிட்டது. ரிட்டயர்டு ஆசாமிகளோ அலாபினை இருபது வருஷமாக ஆடுகிறவர்கள், எனக்கு அது இரண்டாவது தடவை.

ஒரே ஒரு சந்தோஷத்தை மட்டும் மறைக்கக் கூடாது. மோரா கேம்பிட்டில் ஒரு பொறி உண்டு. கறுப்பு ராணியை சி7-இல் வைத்து, குதிரையை எஃப்6 வழியாக ஜி4-க்கு அனுப்ப வேண்டும். வெள்ளை கேஸ்லிங் (ராஜாவை ஓரமாக யானைப் பக்கம் ஒதுக்குவது) முடித்து ராணியை இ2-இல் வைத்திருக்கும். குதிரையைத் துரத்தலாம் என்று ஹெச்3 தள்ளினால் போச்சு: இன்னொரு குதிரை டி4-இல் போய் உட்காரும். அதை வெட்டினால் கறுப்பு ராணி ஹெச்2-இல் மேட். வெட்டாவிட்டால் வெள்ளை ராணி போகும். சைபீரியன் பொறி என்று பெயர். அவினாசியில் ஒரு சின்ன போட்டியில் ஒரு அண்ணனை இதில் பிடித்தேன். அவர் ஹெச்3 தள்ளிவிட்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்து, ஒரு வாய் குடித்து, மூடும்போது குதிரையைப் பார்த்தார். பாட்டில் மூடி கீழே உருண்டது. அந்த ஒரு புள்ளிக்காக சிசிலியனை இன்னும் ஒரு மாதம் கூடுதலாக ஆடினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மேல்மட்டத்தில் சிசிலியன் என்றால் என்ன என்பதற்கு 1995 ஒன்று போதும். நியூயார்க்கில் உலக வர்த்தக மையத்தின் 107-வது மாடியில் ஆனந்தும் காஸ்பரோவும் உலகப் பட்டத்துக்கு மோதினார்கள். முதல் எட்டு ஆட்டமும் டிரா. ஒன்பதாவதில் காஸ்பரோவின் சிசிலியனை உடைத்து ஆனந்த் முன்னால் போனார். பத்தாவதில் ஆனந்த் இ5 வழியே ஸ்பானிஷ் ஆட, வீட்டில் சமைத்துக்கொண்டு வந்த யானைப் பலியால் காஸ்பரோவ் சமன் செய்தார். பதினொன்றாவதில் காஸ்பரோவ் சட்டென்று சிசிலியனிலேயே டிராகன் என்ற கிளைக்கு மாறினார். யாரும் எதிர்பார்க்கவில்லை. அதிலும் ஆனந்துக்குத் தோல்வி, பிறகு மேட்சே கை நழுவியது. ஒரே வாரத்துக்குள் இரண்டு வீட்டுச் சமையல். ஒரு படையே கூட இருந்து தயாரிக்கிற ஆட்டம் அது. எனக்குப் படையும் இல்லை, அடுப்பும் இல்லை.

மூன்றாவது, ஃபிரெஞ்ச். இ6. பெயர் வந்தது 1834-இல் தொடங்கிய லண்டன்–பாரிஸ் கடித ஆட்டத்திலிருந்து, பாரிஸ்காரர்கள் இந்தப் பதிலை அனுப்பினார்கள். இதைப் பற்றிச் சுருக்கமாகத்தான் சொல்லப்போகிறேன், காரணம் எனக்கு இதனோடு ஒட்டவில்லை. நம்மூர்க்காரர்களுக்கு இதன் மேல் ஒரு கோபமும் இருக்கலாம்: 2024 நவம்பரில் சிங்கப்பூரில் உலகப் பட்ட மேட்சின் முதல் ஆட்டத்திலேயே குகேஷ் இ4 வைக்க, அப்போதைய சாம்பியன் டிங் லிரென் ஃபிரெஞ்ச் ஆடி கறுப்பில் ஜெயித்தார். டிசம்பர் 12-ஆம் தேதி குகேஷ் 7.5–6.5 என்று முடித்து உலக சாம்பியன் ஆனது நாடறிந்தது. ஆனாலும் அந்த முதல் நாள் ராத்திரி இங்கே எத்தனை வீட்டில் தூக்கம் வந்திருக்கும்!

ஃபிரெஞ்ச் உறுதியான ஆட்டம், எண்ணம் தெளிவு: வெள்ளை இ5 தள்ளி இடத்தைப் பிடித்துக்கொள்ளட்டும், நாம் சி5-ஆல் அதன் அடிவாரத்தை இடிப்போம். ஆனால் இ6 சிப்பாய்க்குப் பின்னால் சி8 பிஷப் அடைந்து கிடக்கும். நான் ஆடிய ஃபிரெஞ்ச் ஆட்டங்களில் பாதியில் அந்த பிஷப் முப்பதாவது மூவிலும் பிறந்த வீட்டிலேயே இருந்தது. வெள்ளையின் இ5 சிப்பாய் எஃப்6-இல் குதிரையை நிற்க விடாது. அதனால் கேஸ்லிங் செய்த ராஜாவுக்குக் காவலாள் இல்லை, ஹெச்7-இல் பிஷப் பலி எப்போது வருமோ என்ற பயம் கூடவே இருக்கும். பொறியும் உண்டு. டி4 சிப்பாய் சும்மா நிற்பதுபோல் தெரியும். குதிரையால் எடுத்து, குதிரையை வெட்டி, ராணியால் திருப்பி எடுத்தால், டி3-இல் இருந்த வெள்ளை பிஷப் பி5-க்குப் போய் செக் சொல்லும். பின்னால் டி வரிசை திறந்து உங்கள் ராணி போய்விடும். பிஷப்பை முன்கூட்டியே டி7-இல் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. இதெல்லாம் தெரிந்தும் நான் ஃபிரெஞ்சை விட்டதற்குக் காரணம் தியரி இல்லை. நாள் முழுக்க ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறவனுக்கு, ஞாயிற்றுக்கிழமையும் மூச்சு முட்ட வேண்டுமா என்று தோன்றிவிட்டது.

கடைசியாக காரோ-கான். சி6. ஹொரேஷியோ காரோ, மார்கஸ் கான் என்ற இரண்டு பேர் 1886-இல் ஆராய்ந்து வெளியிட்டதால் இந்தப் பெயர். அதற்கு முந்தின வருஷமே கான் இதை ஆடி மீஸெஸ் என்ற பெரிய ஆட்டக்காரரை 24 மூவில் தோற்கடித்திருந்தார். கபாபிளாங்கா, பொட்வினிக், பெட்ரோசியன், கார்போவ் என்று இதை ஆடிய உலக சாம்பியன்களின் வரிசையைப் பார்த்தாலே குணம் தெரிந்துவிடும். அவசரப்படாதவர்கள், கணக்கில் தவறாதவர்கள். சென்னையில் 2013 நவம்பரில் நடந்த உலகப் பட்ட மேட்சின் இரண்டாவது ஆட்டத்தில் ஆனந்த் இ4 வைத்தபோது கார்ல்சன் கொடுத்த பதிலும் இதுதான். 25 மூவில் டிரா. எதிராளியின் சொந்த ஊரில் முதல் முறை கறுப்பில் உட்காரும்போது அந்த மனுஷன் எதை நம்பினார் என்பது எனக்குப் பெரிய சிபாரிசாகப் பட்டது.

இதன் சூட்சுமம் ஒரு வரி: கதவைச் சாத்துவதற்கு முன்னால் பிஷப்பை வெளியே அனுப்பிவிடு. ஃபிரெஞ்சில் அடைபடுகிற அதே பிஷப் இங்கே எஃப்5-க்குப் போகும், அதன் பிறகு இ6. சிப்பாய் அமைப்பில் ஓட்டை கிடையாது. டி5-இல் இருவரும் வெட்டிக்கொள்ளும் எக்ஸ்சேஞ்ச் வகையில் கறுப்புக்குப் பாதி திறந்த சி வரிசை கிடைக்கும்; பி சிப்பாயை பி5, பி4 என்று தள்ளி வெள்ளையின் சி3-ஐ உரசிக்கொண்டிருக்கலாம். மாசக்கடைசி அலுப்பிலும் நினைவில் நிற்கிற திட்டம். (இதே எக்ஸ்சேஞ்சை வைத்து 1970-இல் பெல்கிரேடில் ஃபிஷர் பெட்ரோசியனையே நொறுக்கினார். அதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதில்லை.)

இதில் பொறி இல்லை என்று நினைத்தால் தப்பு. பிரபலமான ஒன்று: இ4 சி6, டி4 டி5, குதிரை சி3, கறுப்பு இ4-இல் வெட்ட, குதிரை திருப்பி வெட்டும். கறுப்பு குதிரையை டி7-க்குக் கொண்டுவரும், சாதாரண மூவ். வெள்ளை ராணியை இ2-இல் வைக்கும், அசட்டுத்தனமாகத் தெரியும், தன் பிஷப்புக்கே வழி மறிக்கிறதே என்று தோன்றும். கறுப்பு இயல்பாக இன்னொரு குதிரையை எஃப்6-க்கு விட்டால், வெள்ளைக் குதிரை டி6-இல் மேட். இ7 சிப்பாயால் எடுக்க முடியாது, அதன் பின்னால் ராஜா, எதிரே ராணி. ராஜாவைச் சுற்றி அவருடைய ஆட்களே வழி மறித்து நிற்பார்கள். 1935-இல் மல்லோர்காவில் கூடி யோசித்து ஆடிய சில அமெச்சூர்களை உலக சாம்பியன் அலெகைன் ஆறாவது மூவில் இப்படித்தான் அனுப்பி வைத்தார். நாலு தலை சேர்ந்தும் பார்க்கவில்லை.

நான் மாட்டியது வேறு. சேலத்தில், எதிரில் ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர். மூன்றாவது மூவில் இ5 தள்ளினார், நான் மந்திரத்தைச் சொல்லிக்கொண்டே பிஷப்பை எஃப்5-க்கு அனுப்பினேன். அவர் ஹெச்4 தள்ளினார். ஓரச் சிப்பாய்தானே என்று, பிஷப்தான் வெளியே வந்தாயிற்றே என்று, கதவைச் சாத்தினேன்: இ6. அவர் ஜி4. பிஷப் இ4-க்குப் போய் யானையைத் தொட்டது. எஃப்3. பிஷப் ஜி6. ஹெச்5. போக இடமில்லை. சி2 சிப்பாயைக் கடித்துக்கொண்டு செத்தது, அவ்வளவுதான் அதற்குக் கிடைத்த விலை. ஹெச்4 வந்ததும் பதிலுக்கு நாமும் ஹெச்5 தள்ளியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. வாத்தியார் எழுந்து போய் டீ வாங்கி வந்தார், எனக்கும் சேர்த்து. "பிஷப் வெளிய வந்தா மட்டும் போதாதுங்க, திரும்ப வர வழியும் இருக்கணும்" என்றார்.

இந்தத் தோல்வியையும் ஈரோட்டுத் தோல்வியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு முடிவு பிறந்தது. ஈரோட்டில் தோற்றது ஏன் என்று தெரிய என்ஜினைத் திறக்க வேண்டியிருந்தது. சேலத்தில் அவர் ஜி4 தள்ளிய நொடியிலேயே தெரிந்துவிட்டது. அடுத்த முறை அந்தத் தவறு வரவில்லை, மனப்பாடம் செய்ததால் அல்ல, பிஷப்பின் வலி ஞாபகம் இருந்ததால். காரோ-கானில் தோற்ற மற்ற ஆட்டங்களும் பெரும்பாலும் நாற்பதாவது மூவுக்குப் பிறகு, யானையும் சிப்பாயுமாக மிஞ்சிய நிலையில், நான் சோர்ந்துபோய் ஒரு சிப்பாயை விட்டதால் வந்தவை. உட்கார்ந்து பார்த்தால் என் கண்ணுக்கே தெரிகிற தவறுகள்.

குறை இல்லாமல் இல்லை. ஜெயிக்க வேண்டிய கட்டாயத்தில், தன்னைவிடக் குறைந்த ரேட்டிங்காரரிடம், இந்த ஆட்டத்தில் சூடேற்றுவது கஷ்டம். எதிரி எக்ஸ்சேஞ்ச் ஆடி எல்லாக் காயையும் மாற்றிக்கொண்டே போனால் கொட்டாவி வரும். நாலு மணி நேரம் உட்கார்ந்து டிரா வாங்கி, பசியோடு கடைசி பஸ்ஸைப் பிடித்த ராத்திரிகள் உண்டு. சுறுசுறுப்பான சண்டை வேண்டும், மனப்பாடமும் வரும், வாரத்துக்குப் பத்து மணி நேரம் கொடுக்கவும் முடியும் என்றால் சிசிலியனைவிட்டு இங்கே வராதீர்கள்.

முடிவு எடுக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். லிச்செஸ் தளத்தில் ஓபனிங் எக்ஸ்ப்ளோரர் இருக்கிறது, காசு கிடையாது. அதில் ரேட்டிங்கை வடிகட்டி, நம்மைப் போன்றவர்கள் ஆடிய ஆட்டங்களை மட்டும் பார்க்கலாம். கிராண்ட்மாஸ்டர்கள் பத்தாவது மூவில் என்ன ஆடுகிறார்கள் என்று பார்த்துப் படிப்பதைவிட, உங்கள் மட்டத்து ஆட்கள் மூன்றாவது மூவில் என்ன ஆடுகிறார்கள் என்று பாருங்கள். இதை முதலிலேயே செய்திருந்தால் நய்டார்ஃபுக்குக் கொடுத்த இரண்டு மாதம் எனக்கு மிச்சமாகியிருக்கும்.

அக்கா பையனுக்கு ஒன்பது வயது. போன மாதம்தான் ரேட்டிங் போட்டிக்கு முதல் முறையாகப் போனான். "மாமா, நானும் சி6 ஆடட்டா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அவனுக்கு இ5-தான். வருகிறவர் எந்தக் கதவு வழியாக வேண்டுமானாலும் வரட்டும், பதினைந்து மூவில் பத்து தடவை தோற்கட்டும். அவனுக்கு நேரம் இருக்கிறது, அழுது முடித்த அடுத்த நிமிஷமே அடுத்த ரவுண்டுக்கு ஓடவும் தெரிகிறது. பொரித்த ஈரலை மட்டும் முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிட்டேன், ஏ5-க்குக் குதிரை என்பதோடு சேர்த்து. வெள்ளையில் அவனே அதை இரண்டு பேருக்குப் பரிமாறிவிட்டு வந்தான்.

எனக்கு இன்னும் தீராதது ஒன்று இருக்கிறது. வெள்ளை மூன்றாவது மூவில் இ5 தள்ளும்போது பிஷப்பை எஃப்5-க்கு அனுப்புவதா, அல்லது உடனே சி5 தள்ளுவதா? 1961 உலகப் பட்ட மறுமேட்சில் தாலுக்கு எதிராக பொட்வினிக் சி5-ஐத்தான் நம்பினார்; எட்டாவது ஆட்டத்தில் அதில் அடி வாங்கினார், ஆனாலும் மேட்சை 13–8 என்று ஜெயித்தார். முன்பு சி6-க்கு வந்த சிப்பாய் இப்போது சி5-க்குப் போகிறது, ஒரு மூவ் வீண்தான். ஆனால் சேலத்து வாத்தியாரின் ஹெச்4-க்கு அங்கே வேலை இருக்காது. அடுத்த மாதம் 20 தேதி கழிந்ததும் கோபியில் ஒரு ஓபன் இருக்கிறது. அதில் சி5 ஆடிப் பார்க்கப் போகிறேன்.